மிக்சியை வாங்கிச் சோதியுங்கள், சந்தாவை நாங்கள் கட்டுகிறோம்

தமிழ்நாட்டு நுகர்வோர் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வீட்டு உபயோகப் பொருட்களைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, எது நல்லது எது மோசம் என்று கம்பெனிப் பெயரோடு எழுதுகிற ஒரு தமிழ் இதழை நீங்கள் எல்லோரும் சேர்ந்து நடத்த வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அதில் விளம்பரம் இருக்கக் கூடாது. கம்பெனி அனுப்பும் சாம்பிளைத் தொடக் கூடாது. செலவுக்கு வாசகர்கள் சந்தா கட்ட வேண்டும். கட்டுவார்களா என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். நான் கட்டுவேன். எதற்காகக் கட்டுவேன், எதற்குக் கட்ட மாட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"யூட்யூபைத் திறந்தால் ஆயிரம் ரிவ்யூ சும்மா கிடைக்கிறதே, இதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பார்ப்பவருக்குத்தான் அது சும்மா. வீடியோவுக்குக் கீழே இருக்கும் இணைப்பை அழுத்தி நாம் பொருளை வாங்கினால் வீடியோ போட்டவருக்குக் கமிஷன் போகிறது. காட்டப்படும் பொருளே பல சமயம் கம்பெனி அனுப்பியது. சில வீடியோக்கள் முழுக்கக் கம்பெனி பணத்தில் எடுத்தவை. கடைக்கு நேரில் போனாலும் இதே கதைதான். ஷோரூமில் பிரிட்ஜ் பக்கத்தில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நிற்பவர் பல கடைகளில் கடை ஊழியரே இல்லை, அந்த பிராண்டு நிறுத்தி வைத்திருக்கும் ஆள். அவரிடம் போய்த்தான் "எது சார் நல்லா உழைக்கும்?" என்று கேட்கிறோம்.

இதையெல்லாம் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கு முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். கம்பெனியோடு பணத் தொடர்பு இருந்தால் அதை வெளியே சொல்ல வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயத்தை, இந்தியத் தரங்களை வகுக்கும் அமைப்பான பி.ஐ.எஸ். வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பம். சரி, எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கமிஷன் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வாங்கினாலும் அது கமிஷன்தானே?

ரிவ்யூ செய்பவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழிலேயே பொறுமையாக, மெனக்கெட்டுச் சோதித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் நானும் பல பொருள் வாங்கியிருக்கிறேன். ஆனால் பொருள் விற்றால்தான் வருமானம் என்ற ஏற்பாட்டில் இருப்பவருக்கு, "இது உங்களுக்குத் தேவையே இல்லை, விட்டுவிடுங்கள்" என்று சொல்வது கஷ்டம். ஆர்.ஓ. மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. பல வீட்டு மெஷின்கள் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்கு அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. அப்படியிருக்க, "முதலில் சில நூறு ரூபாய்க்கு கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் மேலே படியுங்கள்" என்று தொடங்கும் ரிவ்யூவை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அந்த ஒரு வரி ஒரு குடும்பத்துக்கு மிச்சப்படுத்தும் பணத்தில் பல வருடச் சந்தாவைக் கட்டிவிடலாம்.

இப்படி ஒரு இதழ் நடத்துவது ஏதோ புதுக் கற்பனையும் இல்லை. அமெரிக்காவில் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் 1936-லேயே இதைத் தொடங்கிவிட்டது. விளம்பரம் வாங்காமல், கடையில் வாங்கிய பொருளையே சோதிப்பது என்ற வழக்கம் அன்றிலிருந்து இருக்கிறது. இங்கிலாந்தில் 1957-இல் 'விச்?' இதழ் வந்தது. ஜெர்மனியில் 1964-இல் அரசே ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற அறக்கட்டளையை நிறுவி, விளம்பரம் வாங்காததால் வரும் இழப்பை ஈடுகட்ட நிதியும் கொடுத்தது. நம் நாட்டில் அகமதாபாத்தின் சி.இ.ஆர்.சி. என்ற நுகர்வோர் அமைப்பு 1978-இல் தொடங்கி, சொந்த ஆய்வகமே வைத்துப் பொருட்களை ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறது. டெல்லியின் 'வாய்ஸ்' 1983-இல் தொடங்கி 'கன்ஸ்யூமர் வாய்ஸ்' இதழை நடத்தியது. சென்னையில் சி.ஏ.ஜி. என்ற நுகர்வோர் அமைப்பு 1985-இலிருந்து இருக்கிறது. மின்கட்டணம், சாலைப் பாதுகாப்பு என்று நீங்கள் எல்லோரும் செய்த வேலைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனாலும் மாதா மாதம் பொருட்களை ஒப்பிட்டுச் சோதித்துத் தமிழில் எழுதும் ஓர் இதழை நான் கடையிலும் பார்த்ததில்லை, நூலகத்திலும் பார்த்ததில்லை.

கம்பெனி காசு வாங்காத சோதனையால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சாலையிலேயே சாட்சி இருக்கிறது. 2014 ஜனவரியில், கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் போடும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஏர்பேக் இல்லாத அந்த அடிப்படை மாடல்கள் ஐந்தும், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் வாங்கிய நட்சத்திரம் பூஜ்யம். அதுவரை கார் வாங்கப் போன வீட்டில் மைலேஜ் என்ன, ரீசேல் என்ன என்பதுதான் பேச்சாக இருந்தது. அதன் பிறகுதான் ஷோரூமில் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கத் தொடங்கினோம். 2018-இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, கம்பெனி அதையே பெரிய விளம்பரமாக்கியது. நட்சத்திரம் விளம்பரமாகும் அளவுக்குச் சந்தை மாறியிருந்தது.

2023 அக்டோபரிலிருந்து நம் அரசின் சொந்தக் கார் சோதனையான பாரத் என்கேப் நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதில் பெரும்பாலும் கம்பெனியே விரும்பி முன்வந்து, தன் செலவில் காரைச் சோதனைக்குக் கொடுக்கிறது. நன்றாக மதிப்பெண் வாங்கும் என்று தெரிந்த பிள்ளை மட்டும் பரீட்சைக்கு வந்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். பூஜ்யம் வாங்கக்கூடிய காரைத் தேடிப் பிடித்து மோதிப் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும், அவர் கம்பெனியிடம் கடன்பட்டிருக்கக் கூடாது. உணவிலும் இதைப் பார்த்தோம். 2003-இல் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதை டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சொந்த ஆய்வகத்தில் சோதித்து வெளியிட்டது. கம்பெனிகள் கொதித்தன. நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஆராய்ந்துவிட்டு, அந்த ஆய்வின் முடிவு சரிதான் என்றது.

இனி மிக்சிக்கு வருகிறேன், என் ஆசையெல்லாம் அங்கேதான். வெளிநாட்டு இதழ்களின் மதிப்பெண்கள் நம் சமையலறைக்கு உதவாது. ஸ்மூத்தி அடிப்பதற்கும் ஐஸ் உடைப்பதற்கும் மதிப்பெண் போடுவார்கள். சுமீத் மிக்சி பிறந்த கதையே இதுதான்: 1960-களில், ஜெர்மன் மெஷின் ஒன்று இந்திய அரைப்புக்குத் தாங்காமல் வீட்டில் கெட்டுப்போனதால்தான் ஓர் இந்தியப் பொறியாளர் நமக்கென்று பலமான மோட்டாரோடு ஒன்றை உருவாக்கினார். தமிழ்நாட்டில் மிக்சி இல்லாத வீடு இன்று அபூர்வம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் ரேஷன் கார்டுக்கு வந்தன. அவை பழுதாகி, அடுத்ததை மக்கள் சொந்தக் காசில் வாங்கும் காலம் இது. எதைப் பார்த்து வாங்குகிறார்கள்? பெட்டியில் 750 வாட்ஸ் என்று போட்டிருப்பதையும் ஜாரின் பளபளப்பையும் பார்த்து.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. இரண்டு கைப்பிடி தேங்காயும் பொட்டுக்கடலையும் மட்டும் போட்டால் சின்ன ஜாரில் பிளேடுக்கு எட்டுகிறதா, இல்லை சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? காய்ந்த மஞ்சளையும் மல்லியையும் சேர்த்து அரைக்கும்போது எத்தனை நிமிடத்தில் சூடேறி டிரிப் ஆகிறது? அரைத்து முடித்த இட்லி மாவு கையில் தொட்டால் சூடாக இருக்கிறதா? ஜாருக்கு அடியில் இருக்கும் புஷ் எத்தனை மாதத்தில் கசியத் தொடங்கும்? ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் உடைந்தால் அதே கப்ளர் திருவண்ணாமலையில் கிடைக்குமா, கிடைத்தால் என்ன விலை? சத்தம் எத்தனை டெசிபல்? குழந்தை தூங்கும் வீட்டில் அது முக்கியமான கேள்வி. ஒரே மாடலில் மூன்றை மூன்று கடையில் வாங்கி, மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று நன்றாக இருந்து மற்றது சொதப்பினால் அதுவே பெரிய செய்தி. இதில் எதையும் ஒரு தனி ஆள் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்துவிட முடியாது. ஆனால் பம்புக்கும் மோட்டாருக்கும் ஊர் எனப்பட்ட கோவையில் சிடார்க் போன்ற சோதனை மையம் இருக்கிறது, பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள் இருக்கின்றன. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. சோதிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே என்பீர்கள். அது அவசியம். பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். கட்டாயமாக்கிய பிறகும் தரச் சான்று இல்லாத குக்கர்கள் இணையத்தில் விற்கப்பட்டு, 2022-இல் அமேசான் தளத்தின் வழியே போன 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, பணத்தைத் திருப்பித் தர நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனால் முத்திரை பெற்ற பத்துக் குக்கரில் எதன் கைப்பிடி இரண்டு வருடத்தில் ஆடும் என்று முத்திரை சொல்லாது. மின்விசிறியின் நட்சத்திரமும் அப்படித்தான். 28 வாட்ஸ் எடுக்கும் பி.எல்.டி.சி. விசிறி, 75 வாட்ஸ் எடுக்கும் பழைய விசிறியைவிட ஒரு வருடத்தில் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதை நானே கணக்குப் போட்டுக்கொள்வேன்: ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 300 நாள் என்றால் சுமார் 170 யூனிட். அதற்குச் சந்தா வேண்டாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் அந்த விசிறியின் சர்க்யூட் போர்டு எத்தனை மழைக்காலம் தாங்கும், போனால் போர்டு தனியாகக் கிடைக்குமா அல்லது விசிறியையே மாற்றச் சொல்வார்களா என்பதைத்தான் எங்கும் தேடிக் கிடைக்காமல் தவிக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் சந்தா கட்டுவேன் என்று நினைக்காதீர்கள். செல்போன் ரிவ்யூவுக்கு ஒரு ரூபாய் தர மாட்டேன். நீங்கள் சோதித்து அச்சடிப்பதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும், அதோடு அந்தத் துறையில் இலவசமாகச் சொல்பவர்களே போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே உள்ள பொருளுக்கும் வேண்டாம். கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்வோம். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, கிரைண்டர், மிக்சி, இன்வெர்ட்டர் பேட்டரி, குக்கர், கேஸ் அடுப்பு, மெத்தை, குழந்தைகளுக்கான பொருட்கள், இவை போதும். ஒரு முறை தப்பாக வாங்கினால் பத்து வருடம் அனுபவிக்க வேண்டியவை, இல்லையென்றால் உயிருக்கு ஆபத்தானவை.

இங்கே உங்களுக்கு ஒரு நியாயமான சிக்கல் வரும். பத்து வருடத்துக்கு ஒரு முறை பிரிட்ஜ் வாங்குபவர் வருடா வருடம் ஏன் சந்தா கட்ட வேண்டும்? ஒருவர் கட்டினால் தெருவே அவரிடம் கேட்டுக்கொள்ளும். சந்தா கட்டிய நானே என் மைத்துனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், அதை மறைக்க விரும்பவில்லை. இந்த ஓட்டையை முழுக்க அடைக்க எந்த நாட்டாலும் முடியவில்லை. எனக்குத் தோன்றுவது இரண்டு வழி. ஒன்று, தனி அறிக்கையைத் தனி விலைக்கு விற்பது. முப்பதாயிரம் ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர் ஐம்பது ரூபாய்க்கு அந்த ஒரு அறிக்கையை வாங்குவார். இன்னொன்று நூலகங்கள். நம் சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம், 1948 சட்டத்தின்படி. மாவட்ட நூலகங்களும் கிளை நூலகங்களும் ஆளுக்கொரு பிரதி வாங்கினாலே இதழுக்கு நிலையான ஓர் அடித்தளம் கிடைக்கும், சந்தா கட்ட வசதியில்லாதவரும் போய்ப் படித்துக்கொள்வார். மத்திய அரசின் நுகர்வோர் நல நிதி 1992-இலிருந்து இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி ஆரம்பிக்காதீர்கள். நிதி நின்ற அன்று இதழும் நிற்கும்.

சந்தாவை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் வழக்கு. ஒரு தேங்காய் எண்ணெயைப் பற்றி வீடியோ போட்ட யூட்யூபர் அதை நீக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, மேல்முறையீட்டில்தான் அது தளர்ந்தது. 2023-இல் குழந்தைகளுக்கான ஒரு பானத்தில் சர்க்கரை அதிகம் என்று சொன்ன இளைஞர், கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் வீடியோவை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனி ஆள் என்ன செய்வார்? அமைப்பாக இருந்தால் நிற்க முடியும். போஸ் ஸ்பீக்கரைப் பற்றி 1970-இல் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் எழுதிய சில வரிகளுக்காகப் போடப்பட்ட வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1984-இல் இதழுக்குச் சாதகமாக முடிந்தது. அத்தனை வருடம் வக்கீல் கட்டணம் கட்டியது யார்? பெரும்பாலும் சந்தாதாரர்கள்தான். ஜெர்மனியில் 1975-இலேயே, சோதனை நடுநிலையோடும் துறை அறிவோடும் நடந்திருந்தால் மதிப்பெண் போட இதழுக்குத் தாராளமான உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நீதிமன்றத்தில் அப்படி ஒரு தீர்ப்பை வாங்குவதற்கும், முறையாகச் சோதித்த ஓர் அமைப்பு போய் நின்றாக வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூ தப்பாகவே இருக்காது என்று நான் நம்பவில்லை. 2007 ஜனவரியில் கன்ஸ்யூமர்ஸ் யூனியனின் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், குழந்தைகளுக்கான கார் இருக்கைகளில் பெரும்பாலானவை பக்கவாட்டு மோதலில் தேறவில்லை என்று எழுதியது. மணிக்கு 38 மைல் வேகம் என்று நினைத்துச் செய்த சோதனை, உண்மையில் 70 மைலுக்கு மேற்பட்ட வேகத்துக்குச் சமமாக இருந்தது என்று பிறகு தெரிந்தது. இரண்டே வாரத்தில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ரிட்டர் ஸ்போர்ட் சாக்லேட்டில் இருக்கும் வாசனைப் பொருள் இயற்கையானது இல்லை என்று ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் 2013-இல் மோசமான மதிப்பெண் போட்டு, 2014-இல் நீதிமன்றத்தில் தோற்றது. அதற்காக அந்த இதழ்களை யாரும் தூக்கிப் போடவில்லை. நீங்களும் தப்புச் செய்வீர்கள். செய்தால் முதல் பக்கத்தில் போடுங்கள், கடைசிப் பக்க மூலையில் போடாதீர்கள்.

என் நிபந்தனைகளும் இந்த வகைதான். எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று பில்லோடு போடுங்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்பதை, வேறொருவர் அதே மாதிரி செய்து பார்க்கும் அளவுக்கு விவரமாக எழுதுங்கள். சோதித்த பொருளைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஏலம் விட்டு அந்தப் பணத்தையும் கணக்கில் காட்டுங்கள். பொறுப்பாளர்களில் யாருக்காவது அந்தத் துறையில் பங்கோ, டீலர்ஷிப்போ, சொந்தக்காரர் கடையோ இருந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளட்டும். அப்புறம், "எங்கள் இதழில் முதலிடம்" என்று கம்பெனி போட்டுக்கொள்ள முத்திரை விற்கும் ஆசை வரும். விச்? இதழும் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்டும் அதைக் கட்டணத்துக்குக் கொடுக்கின்றன, அவர்களுக்கு நல்ல வருமானம். சோதனைக்குப் பிறகுதான் அனுமதி, மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும், நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். முத்திரை வருமானம் சந்தா வருமானத்தைத் தாண்டிய வருடத்தில் நான் சந்தாவை நிறுத்திக்கொள்வேன்.

மொழியைப் பற்றியும் ஒன்று. ஆய்வக அறிக்கையை அப்படியே தமிழில் பெயர்த்துப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். மிக்சி மெக்கானிக் ஒருவரையும், தினம் இருபது பேருக்குச் சமைக்கும் ஒரு அம்மாவையும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியாத வரியை எடுத்துவிடுங்கள். மெக்கானிக்குகளைச் சோதனைக் குழுவிலேயே சேர்த்தால் இன்னும் நல்லது. எந்தக் கம்பெனி மோட்டாரில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றியிருக்கிறது என்பதை அவர்கள் கழற்றிய உடனே சொல்லிவிடுவார்கள்.

பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். முதல் வருடம் நான்கு இதழ், நான்கே பொருள்: மிக்சி, டேபிள் டாப் கிரைண்டர், பிரஷர் குக்கர், சீலிங் ஃபேன். மிக்சிக்கு எட்டு மாடல், மாடலுக்கு மூன்று என்று வாங்கினால் இருபத்து நான்கு. சராசரியாக நாலாயிரம் ரூபாய் என்றாலும் ஒரு லட்சத்துக்குள் பொருள் வந்துவிடும். ஆய்வகக் கட்டணம், ஆள் செலவு, அச்சு, வக்கீல் என்று இன்னும் பல லட்சம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் ஐயாயிரம் பேர் முன்பணம் கட்டினால் இருபத்தைந்து லட்சம். அது போதுமா போதாதா என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். போதாது என்றால் எவ்வளவு வேண்டும் என்று ஒரு வரவு செலவுத் திட்டம் போட்டு வெளியிடுங்கள், ஆள் சேர்க்க நாங்களும் அலைகிறோம். தொகை சேராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவோம் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். யார் பெயரில், எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்று நீங்கள் அறிவிக்கும் வாரமே என் பங்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
அடுத்த மிக்சியை இன்னும் வாங்காமல் காத்திருக்கும் ஒரு வாசகர்